அரை ராத்தல்

மைனஸ் பதினாறு. காலை ஏழேகால். ஏஜாக்ஸ்.
இரவு வேலை முடிந்து வந்தவள்
சீருடையும் மாற்றாமல் பொனற்றைத் திறக்கிறேன்.
நாலு சிலிண்டர், ஐந்து கதவு,
பின் சீற்றில் கம்பனி போட்ட பழைய இன்டர்கூலர்
விற்கவும் மனமில்லாமல், எறியவும் மனமில்லாமல்.

"இதுக்குக் கொட்டின காசுக்கு ஒரு வான் எடுத்திருக்கலாம்"
என்றார் மச்சான் சுதர்மன்,
வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதே.
எடுத்திருக்கலாம்.

டர்போ என்றால் என்ன என்று கேட்டால்
எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்:
விட்ட மூச்சு சும்மா போவதில்லை.
போகிற போக்கில் ஒரு சில்லைச் சுற்றிவிட்டுப் போகிறது.
அதே அச்சில் மறுபக்கச் சில்லு
அடுத்த மூச்சைப் பிடித்து உள்ளே திணிக்கிறது.
நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்று.
உள்ளங்கைக்குள் அடங்கும்.

கல்கரியில் இருக்கிறான் டேரல். நேரில் கண்டதில்லை.
என் காரை அவன் அறிவது கோடுகளாக மட்டும்.
போன கிழமை எழுதியிருந்தான்:
மூன்றாம் சிலிண்டர் முணுமுணுக்கிறது,
தொண்ணூற்றுநாலு ஒக்டேன்தானே அடித்தாய்?
ஓம் என்றேன். பொய்.
பிக்கரிங்கில் அன்று தொண்ணூற்றொன்றுதான் இருந்தது.
நம் காதுக்கு எட்டாத தட்டல் அது,
பிளொக்கில் திருகிய சென்சருக்குக் கேட்கும்.
பற்றவைப்பு மூன்று பாகை பின்வாங்கி
என்னைக் காட்டிக்கொடுத்தது.
இன்று பதினோராவது திருத்தம். பெற்றோலும் உண்மையானது.

இரவில் நான் பார்க்கும் வேலையும் காற்றுத்தான்.
ஏழாம் கட்டிலில் திரு. பெற்றோவ்ஸ்கி,
லொறி ஓட்டினவர், நெஞ்சு முழுக்க நியூமோனியா.
வென்டிலேற்றரில் முப்பது சென்ரிமீற்றர் தண்ணீர்,
அதற்குமேல் அமுக்கம் ஏறக்கூடாது.
ஏறினால் நுரையீரல் தாங்காது.
ஒருநாள் இடைவேளையில், ஆறிப்போன கோப்பியோடு,
அலகு மாற்றிக் கணக்குப் பார்த்தேன்.
முப்பது சென்ரிமீற்றர் தண்ணீர் என்பது
அரை ராத்தல்கூட இல்லை.

என் கார் இருபத்திநாலு கேட்கிறது.

சேலம் ரோட்.
(பேர்தான். மாம்பழம் கிடையாது.)
நானூற்றொன்றில் ஏறும் வளைவு,
உப்புக் காய்ந்து வெளுத்த தார்.
குளிரில் காற்று அடர்த்தி, பத்துக் குதிரை ஓசியில் வரும்.
பக்கத்துச் சீற்றில் லப்டொப் பெல்ற் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
மூன்றாம் கியர். இரண்டாயிரத்து ஐந்நூறு.
காலை அடிமட்டம் அமர்த்துகிறேன்.

ஒன்றுமில்லை.
ஒரு கணம் டர்போ யோசிக்கிறது.

பிறகு ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது,
விளையாட்டுச் சாமான் கடையைக் கண்ட பிள்ளை
கையைப் பிடுங்குவதுபோல.
விசில். ஆறாயிரம். காலை எடுக்கிறேன்.
மிச்சக் காற்றை வால்வு துப்புகிறது.
ஏழே ஏழு விநாடி.
இதற்காகவா பெப்ரவரி முழுக்க விரல் மரத்தேன்?
இதற்காகத்தான்.

இருபத்திநாலு தசம் இரண்டு.
நாலு சிலிண்டரும் பூச்சியம், ஒரு தட்டலும் இல்லை.
டேரல் உடனே பதில் போடுகிறான்:
இன்னும் இரண்டு தரட்டா? இரும்பு தாங்கும்.

வீட்டு வாசலில் நிறுத்தியும் என்ஜினை அணைக்கவில்லை.
டர்போ ஆற ஒரு நிமிடம் விடவேண்டும்,
சூட்டோடு நிறுத்தினால் எண்ணெய் கருகும்.

இன்று விடிய ஐந்து மணிக்கு
பெற்றோவ்ஸ்கியின் குழாயைக் கழற்றினது நான்தான்.
இருமினார். பிறகு
ஒன்றுமில்லை.
அந்த ஒரு கணம் எனக்குப் பழக்கமானது,
ஆனாலும் கை நடுங்கியது.
பிறகு நெஞ்சு ஏறியது, தானாக,
கோணல்மாணலாக, எந்த வரைபடத்திலும் இல்லாத மாதிரி.
கண் திறந்து என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி:
லொறியை எங்கே விட்டார்கள்?

நிமிடம் முடிந்துவிட்டது.
கண்ணாடி முழுக்க என் மூச்சுப் படிந்திருக்கிறது.
டேரலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
பொனற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று
டிக், டிக் என்று சுருங்குகிறது.